அம்பைக் கவ்வும் இலக்கு

வில்வித்தையில் இலக்கு என்ற சொல் இரண்டு வேறு பொருள்களை ஒருசேரக் குறித்துவிடுகிறது. வண்ண வளையங்கள் அச்சிட்ட தாள் ஒன்று. அந்தத் தாளைத் தன் முகத்தில் தாங்கிக்கொண்டு, பாய்ந்து வரும் அம்பைத் தடுத்து நிறுத்தும் தடித்த உடல் மற்றொன்று. போட்டியைத் தொலைக்காட்சியில் காண்பவரின் கண் தாளில்தான் நிற்கும். வீட்டில் பயிற்சி செய்ய விரும்புகிறவரின் பணமும் கவலையும் அந்த உடலைச் சேர்ந்தவை. தாள் கிழிந்தால் வேறொன்றை ஒட்டிவிடலாம், உடல் தளர்ந்துவிட்டால் அம்பு அதன் முதுகைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். இந்திய வில்லாளர்கள் இந்த உடலைப் பட்ரஸ் என்று அழைக்கிறார்கள். இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

நீடித்து உழைப்பது என்றவுடன் கெட்டித்தன்மை மனத்தில் தோன்றுவது இயல்பு. உரல், கதவு, கலப்பை என அன்றாடம் புழங்கும் பொருள்களில் கெட்டியானது நெடுநாள் நிற்பதால் அந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. அம்பைத் தாங்கும் பொருளில் அது தலைகீழாகிறது. தொடக்கநிலைப் பயிற்சியாளர் ஒருவரின் அம்பு 20 கிராம் எடையும் நொடிக்கு 40 மீட்டர் வேகமும் உடையது என்று கொண்டால், அதன் இயக்க ஆற்றல், அதாவது ஓடும் பொருள் தன் ஓட்டத்தால் பெற்றிருக்கும் ஆற்றல், 16 ஜூல் ஆகும். இந்த ஆற்றலை 16 செ.மீ. ஆழத்தில் படிப்படியாகச் செலவழித்து அம்பை நிறுத்தும் பொருள், சராசரியாக 10 கிலோ எடைக்கு நிகரான விசையை மட்டுமே அம்பின்மேல் செலுத்துகிறது. அதே அம்பை 1 செ.மீ. ஆழத்தில் நிறுத்திவிடும் தேக்குப் பலகையோ 160 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்த நேர்கிறது. பலகை அசையாமல் நிற்கும். ஆனால் அம்பின் முனை மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும், தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், முனை ஏறாத வேளைகளில் அம்பு எகிறி எய்தவர் பக்கமே திரும்பி வரும்.

ஆகவே நல்ல பட்ரஸ் அம்பை முட்டி நிறுத்துவதில்லை. வழிவிட்டு, உள்ளே வந்த தண்டை இருபுறமும் நெருக்கிக் கவ்வி, உராய்வினால் நிறுத்துகிறது. தண்டு எவ்வளவு நீளம் உள்ளே போகிறதோ அவ்வளவு பரப்பு உராய்வுக்கு உட்படுவதால், ஆழம் கூடக்கூடப் பிடியும் கூடிக்கொண்டே போகும். முனை செய்ய வேண்டிய வேலை, பொருளை விலக்கிப் பாதை திறப்பது மட்டுமே. பொருள் விலகினால் அம்பை உருவியதும் மீண்டும் கூடிவிடும், அறுந்தால் கூடாது. ஒரு பட்ரஸின் ஆயுள் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னதாக, அந்தப் பொருள் அம்புக்கு விலகிக் கொடுக்குமா, அறுந்து கொடுக்குமா என்று கேட்டுக்கொள்வது தேர்வை எளிதாக்கும்.

ஜப்பானிய வில்வித்தையில் மகிவாரா என்ற பயிற்சி இலக்கு உண்டு. நெல் வைக்கோலை இறுகச் சுருட்டிக் கயிற்றால் வரிந்து கட்டிய உருளை அது. வில்லாளர் ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் நின்று அதன்மேல் எய்கிறார். உருளையின் பக்கவாட்டில் அம்பு விழுவதில்லை. வைக்கோல் தாள்களின் வெட்டுமுனைகள் வில்லாளரை நோக்கி இருக்குமாறு உருளை கிடையாக வைக்கப்படுவதால், அம்பு தாள்களுக்கு இணையாக, அவற்றின் இடையே நுழைகிறது. எந்தத் தாளும் குறுக்கே முறிவதில்லை. தாள்கள் அம்புக்குக் குறுக்கே இருக்குமாறு வைத்து எய்தால் ஒவ்வோர் அம்பும் பல தாள்களை முறிக்கும், சில நாள்களில் அந்த இடம் தவிடாகிக் கொட்டும். ஒரே பொருள், வைக்கும் திசை மாறியதும் அதன் ஆயுளும் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டு வயல்களில் இயந்திரம் சுருட்டித் தரும் வைக்கோல் கட்டுகளைப் பட்ரஸாகப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்தக் கட்டுகள் தீவனத்துக்காகக் கட்டப்பட்டவை, அம்பைக் கவ்வும் அளவு இறுக்கம் அவற்றில் இல்லை, எலியும் ஈரமும் கரையானும் அவற்றை எளிதில் பற்றிக்கொள்ளும்.

மண்ணும் ஒரு பழைய பட்ரஸ்தான். இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் 1545-ஆம் ஆண்டு வில்வித்தை நூலை வெளியிட்ட காலத்தில் ஊர்தோறும் மண்மேடுகளே பயிற்சி இலக்குகளாக இருந்தன. ஜப்பானிய வில்வித்தையில் 28 மீட்டர் தொலைவில் வைக்கப்படும் 36 செ.மீ. விட்டமுள்ள சிறிய இலக்குக்குப் பின்னால் ஈரம் காக்கப்பட்ட மணல்மேடு இன்றும் அமைக்கப்படுகிறது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் பாடும் புறநானூற்று 152-ஆம் பாடலில், யானை, புலி, மான், காட்டுப்பன்றி ஆகியவற்றை வீழ்த்திச் சென்ற அம்பு ஆழமான புற்றிலிருந்த உடும்பிடம் போய்த்தான் நிற்கிறது. புலவரின் மிகைக் கூற்றாக அதைக் கொண்டாலும், ஓடும் அம்பின் கடைசி இடமாகப் புற்று அமைந்திருப்பது மண்ணின் தடுக்கும் தன்மையை அறிந்தவரின் வாக்கு என்று கொள்ளத் தடையில்லை. தோட்டமும் நிலமும் உள்ளவர்கள் கல் நீக்கிச் சலித்த மண்ணால் மேடு எழுப்பி, நாள்தோறும் நீர் தெளித்துப் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டு முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் மண்மேடு ஏற்றதன்று.

இன்றைய வீடுகளுக்கு ஏற்ற பட்ரஸ்களில் முதலிடம் அடுக்குப் பட்ரஸுக்கு உரியது. ஃபோம் தகடுகளை ஒரே அகலப் பட்டைகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் மரப்பலகை வைத்து இறுக்கிச் செய்வது இது. பட்டைகளின் விளிம்புகள் வில்லாளரை நோக்கியிருக்கும். ஓலைச்சுவடி ஒன்றைக் கயிற்றால் இறுகக் கட்டி, அதன் விளிம்புப் பக்கமாக ஒரு குச்சியைச் செருகினால், ஓலைகள் துளைபடாமல் விலகிக் குச்சியைக் கவ்விக்கொள்ளும். குச்சியை உருவியதும் சுவடி பழையபடி மூடிக்கொள்ளும். அடுக்குப் பட்ரஸில் நடப்பதும் இதுவே. அருகில் சென்று பார்த்தால், புதிய பட்ரஸில் அம்பை உருவிய இடத்தில் ஓட்டை தெரியாது, இரண்டு பட்டைகளுக்கு இடையே மெல்லிய கோடு மட்டுமே தெரியும். அம்பு பட்டைகளின் இடைவெளியில் விழாமல் ஒரு பட்டையின் நடுவிலேயே விழுவதும் உண்டு; அப்போதும் துளை சிறியதாகவே இருக்கும், மேலும் கீழும் உள்ள அழுத்தம் அதை மூடிவிடும்.

தகட்டின் தரத்தை அறியக் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரலால் தகட்டை அழுத்திப் பிடித்து விட்டதும், குழி உடனே நிமிர்ந்தால் அந்தத் தகடு அம்புக்குப் பின்னும் நிமிரும். குழி அப்படியே தங்கிவிட்டால் பட்ரஸிலும் ஓட்டை தங்கிவிடும். தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றிவரும் வெள்ளை நிறப் பொட்டல ஃபோம் பெரும்பாலும் இரண்டாவது வகை. கையில் கனமாக உணரப்படும் நெருக்கமான பாலிஎத்திலீன் ஃபோமும், குழந்தைகள் விளையாடும் அறைகளில் தரையில் கோத்து விரிக்கப்படும் ஈவிஏ தகடுகளும் முதல் வகை. இவை இரண்டும் மூடிய அறைகளால் ஆனவை, அதாவது உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே அடைபட்டவை. ஆகவே தண்ணீரை உறிஞ்சுவதில்லை. பட்டையின் அகலமே பட்ரஸின் தடிமனாக அமைவதால், அதை 25 முதல் 30 செ.மீ. வரை வைத்துக்கொள்வது நல்லது. இறுக்குவதற்கு முழு நீளமும் மரை வெட்டிய இரும்புக் கம்பி பயன்படும். இரும்புக் கடைகளில் திரெட் ராட் என்று கேட்டால் கிடைக்கும். இரு பக்கங்களிலும், அம்பு விழ வாய்ப்பில்லாத ஓரத்தில் கம்பிகளை நிறுத்தி, முன்பக்கத்தை மரச்சட்டத்தால் மறைத்து, மேல்பலகைமீது வாஷர் வைத்து நட்டை முடுக்க வேண்டும். சில மாதங்களில் ஃபோம் தளரும். அப்போது நட்டை மேலும் சில சுற்று முடுக்கினால் பட்ரஸ் தன் பிடியை மீட்டுக்கொள்ளும். இந்த மறுமுடுக்கம் இயலாதபடி ஒட்டி வார்க்கப்பட்ட பட்ரஸ்கள் அழகாக இருந்தாலும், தளர்ந்தபின் அவற்றைச் சரிசெய்ய வழியில்லை.

ஃபோம் வாங்கும் வசதியில்லாதவர்களுக்கு அட்டைப்பெட்டி உண்டு. பழைய பேப்பர் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி, அதே முறையில் பட்டையாக நறுக்கி, அடுக்கி இறுக்கினால், குறைந்த வலுவுள்ள வில்லுக்கு அது முழுமையான பட்ரஸே. அதன் பகைவர்கள் ஈரமும் கரையானும். தரையைத் தொடாமல் உயர்த்தி வைத்து, பயிற்சி முடிந்ததும் கூரையின் கீழ் கொண்டுபோனால் அது செலவுக்கு மேல் உழைக்கும்.

எந்தப் பட்ரஸும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதே இப்பொருளில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி. ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டர் தொலைவில் வைக்கப்படும் தாளின் விட்டம் 122 செ.மீ.; அதன் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தின் விட்டம் 24.4 செ.மீ. பரப்பளவில் கணக்கிட்டால் மஞ்சள் பகுதி முழுத் தாளில் 4 விழுக்காடு மட்டுமே. வில்லாளர் தேறத்தேற அவருடைய அம்புகள் அந்த 4 விழுக்காட்டுக்குள் குவியத் தொடங்குகின்றன, அதாவது அவர் திறமை வளர்வதற்கு ஏற்பப் பட்ரஸின் ஆயுள் சுருங்குகிறது. நாளொன்றுக்கு 60 அம்பு வீதம் ஆண்டுக்கு 300 நாள் பயில்பவர் 18,000 அம்புகள் எய்கிறார். அவற்றில் பாதி நடுவில் விழுந்தாலும் 9,000 அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுள்ள இடத்தைத் தாக்குகின்றன. ஓரங்கள் புதிதாகவே இருக்க, நடு மட்டும் குழைந்துபோன பட்ரஸை முழுவதுமாகத் தூக்கி எறிவது வீண்.

இதைத் தவிர்க்க வழிகள் உள்ளன. நடுப்பகுதியைத் தனிக் கட்டையாகச் செருகி எடுக்கும்படி அமைந்த பட்ரஸை வாங்குவது முதல் வழி; குழைந்த நடுவை மட்டும் மாற்றினால் போதும். விலை கூடுதலாக இருந்தாலும், தொடர்ந்து பயில்பவருக்கு இதுவே ஆண்டுக் கணக்கில் மலிவானது. வீட்டில் செய்த அடுக்குப் பட்ரஸில் நடுப் பட்டைகளை உருவி மேலும் கீழும் மாற்றி அடுக்குவதும் அதே பயனைத் தரும். மற்றொரு வழி செலவில்லாதது. 90 செ.மீ. சதுரப் பட்ரஸில் 40 செ.மீ. விட்டமுள்ள சிறிய தாள்கள் நான்கை ஒட்டலாம். ஒன்றின்மேல் சில அம்பு எய்து அடுத்ததற்கு மாறினால் தேய்மானம் நான்காகப் பகிரப்படுகிறது. பட்ரஸைச் சில வாரங்களுக்கு ஒருமுறை தலைகீழாகவும் முன்பின்னாகவும் திருப்பி வைத்தால், ஒரே திசையில் தள்ளப்பட்ட பொருள் மறுதிசையில் தள்ளப்பட்டுச் சமன்படும்.

அடுத்து வருவது பைப் பட்ரஸ். சாக்கினுள் கந்தல் துணியை இறுக அடைத்துச் செய்யும் இது, ஏழையின் மாற்று என்று ஒதுக்கத்தக்கதன்று. அண்மைத் தொலைவுப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. துணி இழைகள் அம்புக்கு விலகிக் கொடுத்து, மீண்டும் கூடிவிடும். அம்பை இரண்டு விரலால் உருவிவிடலாம். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் கழிவாக எடைக்கு விற்கப்படும் பனியன் வேஸ்ட் என்ற துணுக்குத் துணி, பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படுவதைப் பலர் பார்த்திருக்கலாம். பைப் பட்ரஸுக்கு அது மிகச் சிறந்த நிரப்பி, ஏனெனில் அதில் பொத்தான், ஜிப், கொக்கி எதுவும் இருப்பதில்லை. வீட்டுப் பழந்துணியை நிரப்புவதானால் அவற்றை ஒன்றுவிடாமல் வெட்டி நீக்க வேண்டும். ஜிப்பின் பல்லில் மோதும் கார்பன் அம்பின் தண்டு பிளந்துபோகும்.

நிரப்பும் முறையில்தான் பையின் ஆயுள் இருக்கிறது. துணியைக் கொத்தாகத் திணித்தால் இடையிடையே வெற்றிடம் நின்று, அம்பு அந்த வழியே ஊடுருவும். ஒரு சாண் உயரத்துக்குத் துணியைப் பரப்பி, உலக்கையால் இடித்து, அதன்மேல் அடுத்த சாண் என்று ஏற்றிவர வேண்டும். நிரப்பிய சாக்குக்கு வெளியே மற்றொரு சாக்கை உறையாகப் போட்டுவிட்டால், நைந்துபோகும் வெளியுறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பையைத் தொங்கவிடும் வழக்கமும் உண்டு; தொங்கும் பை அம்பு பட்டதும் சற்றே பின்னே போய் அதன் வேகத்தைக் குறைப்பது நன்மைதான், ஆனால் நாளடைவில் துணி கீழே இறங்கி மேல்பகுதி காலியாகிவிடும். ஆகவே பையின் அடி ஏதேனும் ஒன்றில் படிந்திருக்கச் செய்து, மாதம் ஒருமுறை தலைகீழாக மாற்றிக் கட்டுவது உரியது.

வார்ப்பு ஃபோம் கட்டைகளும் சந்தையில் உண்டு. அடுக்கில்லாத, ஒரே திண்மமான கட்டை அது. வலுவான வில்லையும் தாங்கும் என்றாலும், அம்பை உருவுவதற்கு மிகுந்த பலம் வேண்டியிருப்பதால் சிறுவர்களுக்கு ஏற்றதன்று. தெர்மாகோல் முற்றிலும் தவிர்க்கத்தக்கது. அது விலகாது, உடையும். ஒவ்வோர் அம்பும் வெண்மணிகளைச் சிதறடிக்க, அவை காற்றில் பறந்து தெருவையும் வாய்க்காலையும் சேரும். மெத்தைக் கடைப் பஞ்சு ஃபோம் மிக மென்மையானது, அம்பு அதனூடே தடையின்றிக் கடந்துவிடும். மணல்மூட்டை அம்பு முனையைத் தேய்ப்பதோடு, முதல் துளையிலிருந்தே மணலைக் கொட்டத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் பட்ரஸை அழிப்பது அம்பைவிட வெயில் என்று சொன்னால் அது மிகையாகாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற பொருள்களின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுவதால், வளைந்து கொடுத்த பொருள் நொறுங்கும் பொருளாக மாறுகிறது. வயல் வரப்பில் சில மாதம் கிடந்த உரச்சாக்கைக் கையில் எடுத்தால் அது பொடிப்பொடியாக உதிர்வதை உழவர் குடும்பங்கள் நன்கு அறியும். அந்தச் சாக்கிலேயே செய்த பைப் பட்ரஸை மொட்டை வெயிலில் விட்டுவைத்தால் அதற்கும் அதே கதிதான். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிகள் பலவும் சொட்டுநீர்க் குழாய்களும் கறுப்பாக இருப்பதன் காரணம், அவற்றில் கலந்துள்ள கார்பன் கரி புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பதே. வெள்ளைத் தகடும் கறுப்புத் தகடும் ஒரே தரத்தில் கிடைக்குமானால், வெளியில் வைக்கும் பட்ரஸுக்குக் கறுப்பைத் தேர்வது அறிவுடைமை. எந்த நிறமானாலும் பயிற்சி நேரம் போக மற்ற நேரங்களில் தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பைப் பட்ரஸையும் அட்டைப் பட்ரஸையும் வெளியில் வைக்கவே கூடாது. நனைந்த துணி எடை கூடி, பூஞ்சணம் பிடித்து, உள்ளேயே மட்கத் தொடங்கிவிடும், வெளிப்புறம் காய்ந்து காட்டினாலும் உள் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும்.

பட்ரஸ் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பது வில்லைப் பொறுத்தது. வில்லின் வலு இழுவிசையால் அளக்கப்படுகிறது. நாணை முழுமையாக இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டுக் கணக்கில் சொல்வது வில்லாளர் வழக்கம். தொடக்கநிலையில் உள்ளவர்கள் 15 முதல் 25 பவுண்டு வரையுள்ள வில்லைப் பயன்படுத்துவர். கப்பிச் சக்கரங்கள் பொருத்திய காம்பவுண்ட் வில்லோ 25 கிராம் அம்பை நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செலுத்தக்கூடியது; அந்த அம்பின் ஆற்றல் 90 ஜூல், அதாவது முன்னர்க் கூறிய தொடக்கநிலை அம்பின் ஆற்றலைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். உராய்வு ஆழத்தோடு கூடுவதால் ஐந்து மடங்கு தடிமன் தேவைப்படாது என்றாலும், இரு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும். வேகமான அம்பு உண்டாக்கும் உராய்வு வெப்பத்தில் ஃபோம் உருகித் தண்டின்மேல் கறுப்பு வளையமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. எய்வதற்கு முன் அம்பின் முன்பாதியில் சோப்பை மெல்லத் தேய்த்துவிட்டால் ஒட்டுவது குறையும். ஆற்றலில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், பிள்ளைக்காக வாங்கிய பட்ரஸில் உறவினர் ஒருவரின் காம்பவுண்ட் வில்லைச் சோதித்துப் பார்ப்பது ஒரே மாலையில் அதன் ஆயுளை முடித்துவிடும். வெளிநாட்டுப் பட்ரஸ்கள் சில, கத்தி போன்ற அலகுடைய வேட்டை முனைகளையும் தாங்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டு அதற்கென விலையும் கூட்டி விற்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருக்கும் இந்தியாவில், விளையாட்டு வில்லாளருக்கு அந்தச் செலவு தேவையற்றது.

அகலத்தை முடிவுசெய்யச் சிறு கணக்கு ஒன்று உதவும். புதிதாகப் பயில்பவரின் குறி 3 பாகை விலகினால், 5 மீட்டர் தொலைவில் அம்பு 26 செ.மீ. தள்ளி விழும், 10 மீட்டரில் 52 செ.மீ. தள்ளி விழும். 90 செ.மீ. சதுரப் பட்ரஸின் நடுவிலிருந்து ஓரம் வரை 45 செ.மீ. என்பதால், முதல் அம்பு பட்ரஸுக்குள்ளும் இரண்டாவது வெளியிலும் போகும். பட்ரஸைப் பெரிதாக்குவதைவிடத் தொலைவைக் குறைப்பது மலிவானது, பாதுகாப்பானது. அருகில் எய்தால் பயிற்சி ஆகாது என்ற எண்ணமும் சரியன்று. 70 மீட்டரில் 122 செ.மீ. தாள் கண்ணுக்குத் தோன்றும் அளவிலேயே 10 மீட்டரில் 17 செ.மீ. வட்டமும் தோன்றும். பட்ரஸைச் செங்குத்தாக நிறுத்தாமல் 10 முதல் 15 பாகை வரை பின்னே சாய்த்து, காற்றில் கவிழாதபடி பின்புறம் கட்டிவிட வேண்டும். போட்டிகளில் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் வைக்கப்படுகிறது; வீட்டிலும் பெரியவர்களுக்கு அந்த உயரம் ஏற்றது. தாங்கிச் சட்டத்தின் முன்பக்கத்தில் இரும்பு தெரியக் கூடாது.

அம்பை உருவும் முறை தவறினாலும் பட்ரஸ் கெடும். இடக்கையின் உள்ளங்கையை அம்பை ஒட்டிப் பட்ரஸின்மேல் அழுத்திப் பிடித்து, வலக்கையால் தண்டைப் பட்ரஸுக்கு மிக அருகில் பற்றி, நுழைந்த திசைக்கு நேரெதிராக இழுக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் துளை அகன்று தண்டும் வளையும். உருவுபவரின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, திடீரென வெளிவரும் அம்பின் பின்முனை கண்ணைத் தாக்கிவிடும். வெளிவந்த அம்பில் முனை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். பசை விட்டுப் பட்ரஸுக்குள்ளேயே தங்கிவிட்ட எஃகு முனைமேல் மறுநாள் வேறோர் அம்பு மோதினால் இரண்டாவது அம்பும் பாழாகும். பட்ரஸின் பின்பக்கத்தில் முனைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் நடுப்பகுதியை மாற்றிவிட வேண்டும். இறகு வரை உள்ளே போகும் நிலைக்குக் காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு சிறந்த பட்ரஸும் தன்மேல் படாத அம்பை நிறுத்தாது. சிறிய வில்லிலிருந்து மேல்நோக்கிப் போன அம்புகூட 100 மீட்டரைத் தாண்டிச் சென்று விழக்கூடும். இடுப்பளவு கைப்பிடிச் சுவர் மட்டுமே உள்ள மொட்டை மாடியில் பயில்வது ஆகவே கூடாது. தவறும் ஓர் அம்பு தெருவில் நடப்பவர் தலைமேல் இறங்கும். பட்ரஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேற்பட்ட சுவர் இருக்க வேண்டும், சுவருக்கு ஓரடி முன்னால் தடித்த ஜமுக்காளத்தையோ பழைய கம்பளத்தையோ மேல்விளிம்பில் மட்டும் கட்டித் தொங்கவிட வேண்டும். கீழ்விளிம்பு கட்டப்படாத துணி அம்போடு சேர்ந்து பின்னே நகர்ந்து அதன் வேகத்தைக் குறைக்கும்; இழுத்துக் கட்டிய துணியோ கிழிந்து வழிவிடும். எய்யும் இடத்துக்கும் சுவருக்கும் இடையே கதவோ வாயிலோ திறக்குமானால் அந்த இடம் தகுதியற்றது.

பட்ரஸ் வாங்க எண்ணுபவர்கள் கடைக்குப் போகுமுன், அதை வைக்கப்போகும் இடத்தில் நின்று, பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவது நல்லது. உயர்ந்த சுவரும் பத்து மீட்டர் நீளமும் உள்ளவர்கள் நடு மாற்றக்கூடிய அடுக்குப் பட்ரஸை வாங்கலாம், அல்லது செய்துகொள்ளலாம். அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு, யாரும் குறுக்கே வராத மூடிய தாழ்வாரத்தின் கோடியில் சுவரோடு சாய்த்த துணிப்பை போதும். தாள் ஒட்டாத அந்தப் பையின்மேல் 3 மீட்டர் தொலைவிலிருந்து எய்து, நிற்கும் நிலையையும் நாண் விடும் விரலையும் திருத்திக்கொள்வது, தேர்ந்த வில்லாளர்களும் விடாமல் செய்துவரும் பயிற்சி.